கோல்ஃப் இண்டெக்ஸ் 18-லிருந்து 14: புத்தாண்டு இலக்கை எப்படிப் பிரிச்சு எழுதுறது?

மூன்றாம்_டீ

இப்போ கோல்ஃபில் என் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் (ஆட்டத் திறனைச் சொல்ற எண், குறையக் குறைய நல்லது) 18.2. அடுத்த டிசம்பருக்குள் 14 வரணும். மாதம் ரெண்டு ரவுண்டு (18 ஹோல் ஆட்டம்), வாரம் ரெண்டு நாள் ஒரு மணி நேரப் பயிற்சி, அதுக்கு மேல நேரம் கிடையாது. தாளில் எழுதினது இவ்வளவுதான்: "ஹேண்டிகேப் 14. டிரைவர் 20 யார்டு கூடணும். பட்டிங் மேம்படணும்." (டிரைவர்னா ரொம்ப தூரம் அடிக்கிற கிளப், பட்டிங்னா பந்தைக் குழிக்கு உருட்டுறது.) இதை வெச்சுக்கிட்டு ரேஞ்சுக்கு, அதாவது பயிற்சித் திடலுக்குப் போய் முதல் பந்தை எதுக்காக அடிக்கிறதுன்னே தெரியல. இதை எப்படி உடைக்கிறது? எதை முதல்ல தொடணும்?

குழி_பதினெட்டு

கடைசி வரியை அடிச்சிடுங்க. "மேம்படணும்"ங்கிறதை அளக்க முடியாது.

முதல் வரியை ஸ்கோரா மாத்துங்க. ஒரு ரவுண்டோட டிஃபரன்ஷியல் (கோர்ஸின் கடினத்தையும் சேர்த்து அந்த ரவுண்டை எடை போடுற எண்) கணக்கு: ஸ்கோரிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கைக் (ஹேண்டிகேப் பூஜ்யம் உள்ளவர் அங்கே அடிக்கக்கூடிய ஸ்கோர்) கழிச்சு, 113-ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் (சுமாரான ஆட்டக்காரருக்கு அந்தக் கோர்ஸ் எவ்வளவு கூடுதல் கடினம்னு சொல்ற எண்) வகுக்கணும். ரேட்டிங் 71.3, ஸ்லோப் 128 உள்ள கோர்ஸில் 92 அடிச்சா 18.3 வரும். அதே கோர்ஸில் 87 அடிச்சா 13.9. ஆக, நீங்க தேட வேண்டியது, அதாவது குறைக்க வேண்டியது, அஞ்சு ஸ்ட்ரோக் (பந்தை ஒரு தடவை அடிச்சா ஒரு ஸ்ட்ரோக்).

அதுவும் எல்லா நாளும் வேண்டாம். இண்டெக்ஸ்ங்கிறது கடைசி 20 ரவுண்டில் சிறந்த 8 டிஃபரன்ஷியலின் சராசரி. அஞ்சு ரவுண்டில் ரெண்டு சுமார் 87-ல் முடிஞ்சா போதும், மீதி 93 ஆனாலும் கணக்கில் சேராது. ஒரு ஹோல் கவிழ்ந்தாலும் பயப்பட வேண்டாம். அங்கே எடுத்துக்கிற உச்சம் நெட் டபுள் போகி: பார் (அந்த ஹோலுக்கு நிர்ணயிச்ச ஸ்ட்ரோக் எண்ணிக்கை), அதோட ரெண்டு, அந்த ஹோலில் உங்க ஹேண்டிகேப் தர்ற சலுகை ஸ்ட்ரோக். ஒரு ஸ்ட்ரோக் சலுகை உள்ள பார் 4-ல் 9 அடிச்சா கணக்கில் 7 தான்.

ஒரு எச்சரிக்கை. மாதம் ரெண்டு ரவுண்டுன்னா பட்டியல் முழுசா மாற பத்து மாதம் ஆகும். பழைய நல்ல ஸ்கோர் ஒண்ணு பட்டியலிலிருந்து கழன்றா, நீங்க ஒழுங்கா ஆடின வாரத்திலும் எண் ஏறும். அதனால் இண்டெக்ஸை மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தா போதும்.

அடுத்த அஞ்சு ரவுண்டுக்கு இலக்கே வேண்டாம். ஸ்கோர் கார்டில் ஒவ்வொரு ஹோல் பக்கத்திலும் குறி போடுங்க: பெனால்டி (தண்டனை ஸ்ட்ரோக்) வாங்கினா "பெ", மூணு பட் போட்டா "மூ", பக்கத்திலிருந்து சின்னதா தூக்கிப் போட்டும் (சிப்) பந்து கிரீனுக்கு (குழி இருக்கிற குட்டைப் புல்தரை) வரலைன்னா "சி", பந்துக்கு முன்னாடியே மண்ணை வெட்டினா "ம". அஞ்சு கார்டையும் சேர்த்து எண்ணினா எந்தக் குறி அதிகமோ அதுதான் முதல் இலக்கு.

பட்டர்_பாண்டி

பட்டிங் வரியை அடிக்க வேண்டாம், எண்ணா மாத்தினா போதும். (முதல்லயே சொல்லிடறேன்: நான் "அடி"ன்னு எழுதினா நீள அளவு. அடிக்கிற அடிக்கு ஸ்ட்ரோக்னே எழுதுறேன், இல்லாட்டி குழம்பிடும்.)

குழியின் விட்டம் 4.25 அங்குலம். சமதளத்தில் 3 அடியிலிருந்து பந்து கிளம்பும் கோணம் 3.4 டிகிரி வரை பிசகினாலும் விளிம்பையாவது தொடும். 10 அடியில் அந்த இடம் வெறும் 1 டிகிரி. தொழில்முறை டூர் ஆட்டக்காரர்களே 8 அடியில் பாதிக்குப் பாதிதான் உள்ளே போடுறாங்க. அதனால் 10 அடி பட்டை இலக்கா வெச்சா ஏமாற்றம்தான் மிச்சம். குட்டை பட், நீள பட் ரெண்டுக்கும் தனித்தனியா ஒரு பரீட்சை வைங்க.

குட்டை பட்டுக்கு: சமமான இடத்தில் குழியிலிருந்து 5 அடியில் பந்து. அதுக்கு 18 அங்குலம் முன்னால் ரெண்டு டீயை (பந்தை ஏத்தி வைக்கிற குச்சி) 2.25 அங்குல இடைவெளியில் குத்துங்க. டீயில் இடிக்காம போனா கிளம்பின கோணம் சுமார் 0.9 டிகிரிக்குள் இருக்கு. இலக்கு 20-க்கு 16. வலது கைக்காரருக்கு எப்பவும் வலது டீயிலேயே இடிச்சா பட்டரின் ஃபேஸ் (பந்தைத் தொடுற முகம்) திறந்திருக்குன்னு, அதாவது வலப்பக்கம் பார்க்குதுன்னு அர்த்தம். டீயைத் தாண்டியும் குழியில் விழலைன்னா ஸ்ட்ரோக்கில் கை வைக்காதீங்க, வேகத்தையோ சரிவைப் படிச்ச விதத்தையோ பாருங்க.

நீள பட்டுக்கு: 20, 30, 40 அடி, மாறி மாறி ஒன்பது பந்து. குழியைச் சுத்தி 3 அடிக்குள் நின்னா ஒரு புள்ளி, இலக்கு 9-க்கு 7. ஒரே இடத்திலிருந்து மூணு பந்து உருட்டினா மூணாவது தானா சரியாயிடும். ரவுண்டில் யாரும் உங்களுக்கு மூணாவது பந்து கொடுக்கப் போறதில்லை.

ஏழாம்_இரும்பு

பாண்டி அண்ணன் சொன்ன பரீட்சை ரெண்டும் நல்லது. ஆனா அஞ்சு ஸ்ட்ரோக்கையும் கிரீனில் தேடினா கிடைக்காது. ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட் முறையை (ஒவ்வொரு ஷாட்டும் எத்தனை ஸ்ட்ரோக் மிச்சம் பண்ணுச்சுன்னு அளக்கிற முறை) உருவாக்கின மார்க் பிராடியின் ஆய்வுப்படி, நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் சுமார் மூணில் ரெண்டு பங்கு 100 யார்டுக்கு வெளியே அடிக்கிற ஷாட்டில் இருக்கு.

இருந்தாலும் அந்த 20 யார்டு ஆசையை இப்போதைக்கு ஓரமா வைங்க. கிளப் வேகம் மணிக்கு ஒரு மைல் ஏறினா தோராயமா இரண்டரை யார்டு கூடும். வேகத்தை வெச்சு மட்டும் 20 யார்டு வாங்க 8 மைல் ஏத்தணும், வாரம் ரெண்டு மணி நேரத்தில் அது லேசுப்பட்ட வேலை இல்லை. பந்து ஃபேஸின் நடுவில் படுதான்னு முதல்ல பாருங்க. டிரைவர் ஃபேஸில் பாதத்துக்கு அடிக்கிற பவுடர் ஸ்ப்ரேயை மெல்லிசா அடிச்சா, பந்து பட்ட இடம் வட்டமா அழியும். தடம் ஹீல் பக்கம் (கிளப் தண்டை ஒட்டின பக்கம்) விழுந்தா பந்தின் வேகமும் போச்சு, ஸ்லைஸ் சுழற்சியும் (வலது கைக்காரருக்குப் பந்தை வலப்பக்கம் வளைக்கிறது) கூடும். பெரும்பாலும் பந்துக்கு மிக நெருக்கமா நிக்கிறது, இல்லாட்டி கீழே வரும்போது எடை கால்விரல் பக்கம் சாயறதுதான் காரணம். 10 பந்தில் 7 தடம் நடுவில் விழுந்தப்புறம் வேகத்தைப் பத்திப் பேசலாம்.

கோர்ஸில் டிரைவருக்கு வைக்க வேண்டிய இலக்கு: 14 டீ ஷாட்டில் (ஹோலைத் தொடங்குற முதல் ஷாட்) பெனால்டி ஒண்ணுக்கு மேல கூடாது. அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் (எல்லைக்கு வெளியே) போனா ஒரு பெனால்டி, கூடவே தூரமும் போயிடும். டீயிலிருந்து மறுபடி அடிக்கிறது மூணாவது ஸ்ட்ரோக். ரேஞ்சில் 40 யார்டு இடைவெளி உள்ள ரெண்டு அடையாளத்தை ஃபேர்வேயா (டீக்கும் கிரீனுக்கும் நடுவில் உள்ள வெட்டின புல்பாதை) நினைச்சு 10 பந்து அடிங்க, 8 உள்ளே விழணும். ஒவ்வொரு டிரைவருக்கும் நடுவில் ஒரு வெட்ஜ் (குறைஞ்ச தூரத்துக்கான கிளப்) அடிங்க. இல்லாட்டி கை பழகிப் போய் பரீட்சை பொய் சொல்லும்.

மூன்றாம்_டீ

நன்றி. கடைசி மூணு ரவுண்டை ஞாபகத்திலிருந்து குறிச்சுப் பார்த்தேன்: "ம" 11, "பெ" 7, "மூ" 6, "சி" 4. ஆனா எங்க ரேஞ்சில் மேட் (செயற்கைப் புல் விரிப்பு) மட்டும்தான், அதில் இரும்பு கிளப்பால் அடிக்கிற ஷாட் எல்லாம் சுத்தமா போகுதே?

ஏழாம்_இரும்பு

மேட் ஏமாத்துது. பந்துக்கு ரெண்டு அங்குலம் பின்னால் பட்டாலும் கிளப் வழுக்கி வந்து பந்தை எடுத்துக்கும், புல்லில் அதே ஸ்விங் மண்ணை வெட்டும். மேட்டில் ஒரு கைத்துண்டை மடிச்சு பந்துக்கு நாலு அங்குலம் பின்னால் போடுங்க. துண்டில் பட்டா அந்த ஷாட் தோல்வி, பந்து எவ்வளவு அழகா பறந்தாலும் சரி. புல் கிடைக்கிற நாளில் அதே பவுடரால் ஒரு கோடு போட்டு, பந்தில்லாம 10 ஸ்விங். டிவட் (கிளப் மண்ணை வெட்டின தடம்) கோட்டிலோ அதுக்கு முன்னாலோ தொடங்கணும், இலக்கு 10-க்கு 7. பின்னால் தொடங்கினா எடை பின்காலிலேயே தங்குதான்னும், பந்தை ரொம்ப முன்னால் வைக்கிறீங்களான்னும் பாருங்க.

"ம" தான் முதல்ல இருக்கு, அதனால் நேரத்தை இப்படிப் பிரிங்க. முதல் நாள் துண்டு வெச்ச பயிற்சி 25 நிமிஷம், டிரைவரும் வெட்ஜும் மாறி மாறி 20, குட்டை பட் 15. ரெண்டாம் நாள் டிரைவருக்குப் பதிலா சிப், குட்டை பட்டுக்குப் பதிலா நீள பட். பரீட்சை எண்ணைத் தேதியோட எழுதி வைங்க. ஆறு வாரமா ஒரு எண் நகரலைன்னா இலக்கைக் குறைக்காம பயிற்சியை மாத்துங்க, இல்லாட்டி ஒரு கோச்சிடம் காட்டுங்க.

குழி_பதினெட்டு

ஞாபகத்திலிருந்து குறிச்சதை நம்பாதீங்க, மனசில் நிக்கிறது பெனால்டியும் மண்ணும்தான். "சி" கட்டாயம் குறைவா வந்திருக்கும். அஞ்சு ரவுண்டு கார்டிலேயே குறிச்சிட்டு வாங்க. அப்புறம், அந்தப் பவுடரை ரேஞ்சோட விட்டுடுங்க. ரவுண்டில் ஃபேஸில் எதையாவது தடவிக்கிட்டு அடிச்சா கோல்ஃப் விதி 4.1 படி தகுதிநீக்கம் வரை போகும்.