போக்கரில் நாலு பேர் உள்ளே வந்தபின் ஜாக் ஜோடி: ரெய்ஸா (தொகையை ஏற்றுவதா), காலா (அதே தொகையைப் போடுவதா)?

கேள்வி:
லாஸ் வேகஸில் 4-8 லிமிட் ஹோல்டெம் (பெட் தொகை முதல் சுற்றுகளில் 4 டாலர், பிறகு 8 டாலர் என்று நிலையாக உள்ள போக்கர்) மேஜை. பட்டனில் (சீட்டுப் பங்கிடுபவருக்கான இடத்தில்) இருந்தேன், கையில் ஜோடி ஜாக். எனக்கு முன்னால் நாலு பேர் 4 டாலர் போட்டு வந்துவிட்டார்கள். ரெய்ஸ் செய்தாலும் ஒருத்தரும் சீட்டை மடக்கிப் போகமாட்டார்கள் என்று நானும் கால் பண்ணினேன். தப்பா?

பதில்:
தப்புதான். அவர்கள் போகவேண்டியதில்லை, காசு போட்டால் போதும். உங்களையும் பிக் பிளைண்டையும் (சீட்டு வாங்கும் முன்பே கட்டாயமாக 4 போட்டவர்) சேர்த்து ஆறு பேர் இன்னொரு 4 போட்டால் 24. உங்கள் பங்கு 4 மட்டும். ஆறில் ஒரு தடவைக்கு மேல் ஜெயித்தால் லாபம். ஜோடி ஜாக் தாராளமாக ஜெயிக்கும்.

கேட்டவர்:
சரி, ஃப்ளாப்பில் (மேஜையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டில்) குயின் விழுந்தால்?

பதில்:
பாதிக்கு மேற்பட்ட ஃப்ளாப்பில் ஜாக்கைவிடப் பெரிய சீட்டு ஏதாவது விழும். முன்னால் பெட், ரெய்ஸ் என்று வந்தால் மடக்கிவிடுங்கள்.

இன்னொருவர்:
இதே இடத்தில் ஸ்பேடு ஏஸும் டைமண்ட் ஜாக்கும் என்றால் நான் ரெய்ஸ் செய்யமாட்டேன். பாட் (நடுவில் சேரும் காசு) பெருத்தால் எல்லாரும் ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) வரை ஒட்டிக்கொள்வார்கள். போன வாரம் ஐந்தும் ஆறும் வைத்திருந்த ஒரு தாத்தா அப்படித்தான் என்னைக் காலி செய்தார்.