சொல் தேவை: சூட்டுக்கும் குளிருக்கும் ஏற்ப மாறும் சவ்வு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். கல்லூரி நுண்ணுயிரியல் பாடம் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஹோமியோவிஸ்கஸ் அடாப்டேஷன்' என்ற இடத்தில் நிற்கிறேன். ஈ. கோலை பாக்டீரியாவை ஆராய்ந்த சினென்ஸ்கி 1974-இல் இட்ட பெயர். குளிரில் வளர்ந்தால் அது தன் செல்லைச் சூழ்ந்த சவ்வில் எளிதில் உறையாத, நிறைவுறாத கொழுப்பு அமிலங்களைக் கூட்டும், சூட்டில் எளிதில் உறையும் நிறைவுற்றவற்றை. மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைந்து நல்லெண்ணெய் உறையாததும் இதே வேதியியல்தான். இப்படிச் சவ்வு இறுகாமல், இளகிவிடாமல் ஒரே பதத்தில் நிற்கும். 'சமபாகுநிலைத் தகவமைப்பு' என்று எழுதியிருக்கிறேன். மாணவர் வாயில் நுழையுமா?

-----

அம்மா, நுழையாது. 'குழைவுடம்பாடு' என்க. தொல்காப்பியத்தின் உடம்படுமெய் இரண்டு உயிரெழுத்துகளை இசைவிக்கிறது. சூழலோடு உயிர் இசைவதும் உடம்பாடே. 'சம' வடசொல், வேண்டாம்.

-----

ஐயா, உடம்பாடு என்றால் வகுப்பில் உடம்பைத்தான் நினைப்பார்கள். 'மோப்பக் குழையும் அனிச்சம்' என்பதில் குழைதல் வாடுதல் அல்லவா? அப்புறம், 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே!

-----

குறளில் வாடல்தான். சோறு குழைந்தது என்றால் வாடியது என்று யார் கொள்வார்? வள்ளுவர் ஆண்டதாலேயே வடசொல் தமிழாகிவிடாது.

-----

ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு சொல். குழைவை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் வெளியே நிற்கும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் சல்ஃபோலோபஸ் என்ற நுண்ணுயிரியைப் பாருங்கள். சூடு 80 டிகிரி செல்சியஸை ஒட்டி, அமிலம் பிஎச் 2–3. அதன் கொழுப்பில் எஸ்டர் பிணைப்புக்குப் பதில், எளிதில் அறாத ஈதர் பிணைப்பு. ஒரே மூலக்கூறு சவ்வின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீள்கிறது. சூடு ஏறினால் அதில் ஐங்கார்பன் வளையங்களின் எண்ணிக்கை கூடி, அடுக்கு நெருக்கமாகிறது. வெளி அமிலத்தின் புரோட்டான் உள்ளே கசியாமல் தடுப்பது அங்கே பெரிய பாடு. இதைக் குழைவில் எப்படி அடக்குவீர்கள்? 'சவ்வுத் தகவமைப்பு' என்று பொதுத் தலைப்பு வையுங்கள்.

-----

சரி, அதுவே தலைப்பு. சினென்ஸ்கி கண்டதற்கு மட்டும் 'சமகுழைவு'. நாளை காலை அனுப்பிவிடுகிறேன்.

-----

அனுப்புங்கள். 'சம' எனக்கு இன்னும் உடன்பாடில்லை. 'தகவமைப்பு' என்பதில் அமைப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்வரை மாணவர் அதைக் கட்டமைப்பு என்றே படிப்பர். அடுத்த பதிப்பிலாவது 'இசைவு' என்று மாற்றப் பாருங்கள்.