அம்மாவின் ஈ.பி.எஃப். பணம்: நம் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

பெரியவன் (கொழும்பு), மாலை 6.12
அனைவருக்கும் வணக்கம். அம்மாவின் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணம் அடுத்த மாதம் கைக்கு வந்துவிடும் என்று தேயிலைத் தோட்டத்து ஒபிசில் சொல்லியிருக்கிறார்கள். அதை முற்பணமாகக் கட்டித் தம்பிக்கு ஓர் ஆட்டோ எடுத்துக் கொடுத்தால் அவனும் ஊரோடு இருப்பான், வீட்டுக்கும் வருமானம் வரும் என்று நானும் அப்பாவும் பேசி முடித்திருக்கிறோம். மாமாவின் கருத்தையும் அறிய விரும்புகிறேன்.

சின்னவள் (பேராதனை), 6.20
அண்ணா, அப்பாவிடம் பேசியிருக்கிறீர்கள், மாமாவிடம் கேட்கிறீர்கள். அம்மாவும் இதே குழுவில்தான் இருக்கிறார்.

பெரியவன் (கொழும்பு), 6.24
அம்மா மறுக்கமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்தானே.

சித்தி (ஹட்டன்), 6.47
மறுக்கமாட்டார் என்பதால் சம்மதித்துவிட்டார் என்று ஆகாது, மகன். விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, உங்களுக்குச் சாப்பாடு கட்டி, தம்பியைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடி, மழைக்குப் படங்கு கட்டிக்கொண்டு பின்னேரம் வரை கொழுந்து எடுத்து, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுவையின்போது ஈரத்துக்கும் கூடைக்கும் என்று கழித்த கிலோவைப் பொறுத்துக்கொண்டு அக்கா சேர்த்த பணம் அது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டவும் புல்லு வெட்டவும் போகிற ஆண்கள் அளந்து கொடுத்த வேலையை முடித்துவிட்டுப் பகலோடு வீடு திரும்புவார்கள்; அக்கா மாலையில் வந்த பிறகு அடுப்பும் தண்ணீர்க் குடமும் அவருக்காகக் காத்திருக்கும். அவருடைய வலது கைப் பெருவிரலை ஒருமுறை கிட்ட வைத்துப் பாருங்கள். கொழுந்துக் காம்பு கீறிய கோடுகளில் கறை கறுப்பாக ஏறியிருக்கிறது. எந்தச் சவர்க்காரத்துக்கும் அது போகாது.

மாமா (பண்டாரவளை), 7.05
என்னிடம் கேட்டபடியால் சொல்கிறேன். தங்கச்சி தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்த காலத்தில் ஆணுக்கு ஒரு நாட்சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த நாட்சம்பளம். 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் இரண்டும் சமமாயின. ஆனால் மனைவியின் சம்பளத்தையும் கணவனே மேசையில் கையொப்பமிட்டு வாங்கும் வழக்கம் பல தோட்டங்களில் அதற்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. தொழிற்சங்கச் சந்தாப் பணத்தில் பெரும்பங்கு பெண்களுடையது. மேடையில் நாற்காலியோ ஆண்களுக்கு. சம்பளம் சமமானதோடு காரியம் முடிந்துவிட்டது என்று நாம் எண்ணினால், அந்தச் சம்பளத்தைப் பற்றி யார் முடிவு செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றுவிடும்.

பெரியவன் (கொழும்பு), 7.11
நான் அம்மாவுக்குத் தீங்கு நினைக்கவில்லை, மாமா. நேற்று ‘அவள் ஒரு தொடர்கதை’ பார்த்தபோதும் அம்மாவைத்தான் நினைத்தேன். குடும்பத்துக்காகத் தேய்கிற பெண் தெய்வம் அல்லவா?

சின்னவள் (பேராதனை), 7.26
அந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை, அண்ணா. 1974இல் பாலசந்தர் எடுத்த படம் அது. கவிதாவின் சம்பளத்தில்தான் முழுக் குடும்பமும் சாப்பிடுகிறது. அவளுக்குக் கோபம் வருகிறது, நாக்கும் கூர்மையாக இருக்கிறது. அந்தக் கோபத்தைத் திரையில் காட்டியதற்காக இன்றும் அந்தப் படத்தை மதிக்கிறேன். ஆயினும் முடிவில் தன் கலியாணத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டு அவளேதான் மறுபடி வேலைக்குப் போகிறாள். தெய்வம் என்று கும்பிட்டுவிட்டால் அவளுடைய பாரத்தில் பாதியை நாம் தூக்க வேண்டியதில்லை அல்லவா? அம்மாவைத் தெய்வமாக்க வேண்டாம், அவரிடம் கேளுங்கள்.

சித்தி (ஹட்டன்), 7.48
வரலாற்றிலும் நமக்கு இதே கதைதான். 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டார் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். தோட்ட நிர்வாகிகளான துரைமார் கூட்டம் போட விடாத அந்தக் காலத்தில், பாரதியார் பாடல்களையும் தாமே இயற்றிய பாடல்களையும் பாடித் தொழிலாளரைத் திரட்டியவர் அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள். 1940இல் தம் பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். அவருடைய பெயரை என் வகுப்பில் கேட்டால் ஒரு கையும் உயராது. 1960இல் உலகத்தின் முதல் பெண் பிரதமர் நம் நாட்டில்தான் பதவியேற்றார். அதே சிறிமாவோ அம்மையார் 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு செய்த ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரான நம்மவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. நம் வீட்டில் எந்த நாட்டுக்கு எழுதுவது என்று தாத்தாவும் அவருடைய தம்பிமாரும் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் இருந்து முடிவு செய்தார்கள். அம்மாயி உள்ளே தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய கூடப்பிறந்த அக்கா இந்தியாவில் கூடலூருக்குப் போனார், இவர் இங்கே தங்கினார். இருவரும் பிறகு சந்திக்கவே இல்லை. அம்மாயியிடம் அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

மாமா (பண்டாரவளை), 7.55
உண்மைதான். 1947இல் மலையகத்திலிருந்து பாராளுமன்றம் போன இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர் ஏழு பேரும் ஆண்கள். நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் தெரிவாக 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெரியவன் (கொழும்பு), 8.02
அம்மா, நான் முதலில் உங்களிடம்தான் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பணத்தை என்ன செய்ய விரும்புகிறீர்கள்?

அம்மா, 8.31
எல்லாவற்றையும் வாசித்தேன். சின்னவன் ஊரில் இருப்பது எனக்கும் விருப்பம். பாதிப் பணத்தை என் பெயரில் வங்கியில் போட்டு வைப்பேன். மருந்துக்கோ பயணத்துக்கோ யாரிடமும் கை நீட்ட எனக்கு மனமில்லை. மீதியை ஆட்டோவுக்கு முற்பணமாகத் தருகிறேன், ஆனால் வண்டி என் பெயரில் பதிய வேண்டும், மாதக் கட்டணத்தைச் சின்னவன் கட்ட வேண்டும். இன்னொன்று, வேலையை விட்டு நின்றதால் நான் நாள் முழுவதும் அடுப்படியில் நிற்பேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரவுச் சமையலை அப்பாவும் சின்னவனும் பார்க்கட்டும்.

பெரியவன் (கொழும்பு), 8.34
சரி அம்மா. செவ்வாய்க்கிழமை லீவு போட்டு வருகிறேன். வங்கிக்கு நாம் இருவரும் போவோம். அடையாள அட்டையை எடுத்து வையுங்கள்.

அம்மா, 8.36
செவ்வாய்க்கிழமை மாதர் சங்கக் கூட்டம் இருக்கிறது. புதன்கிழமை வா.