வட்ட பீட்சாவைக் கட்டம் கட்டமாக வெட்டுவது சரியா? வேலூர்க்காரர்கள் சொல்லுங்கள்

வெயிலூரான்:
காட்பாடி பக்கம் ஒரு சின்னக் கடை. மெல்லிய பீட்சா மட்டும்தான் போடுகிறார்கள். மாவை நன்றாகத் தேய்த்து, கடித்தால் நொறுங்குகிற பதத்தில் எடுக்கிறார்கள். ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வட்டமான பீட்சாவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, சதுரம் சதுரமாக வெட்டித் தருகிறார்கள். முக்கோணமாக வெட்டிக் கொடுங்கள் என்றால், இங்கே இப்படித்தான் என்று பதில். பெட்டியைத் திறந்தால் நடுத்துண்டுகளுக்குப் பிடிக்க ஓரமே இல்லை, கை முழுக்க சீஸ். ஓரத்தில் நாலு இடத்தில் எதற்கும் உதவாத துணுக்குகள். காசு கொடுக்கிறவன் கேட்டபடி வெட்டித் தருவதில் என்ன கஷ்டம்? என் கட்சி முக்கோணம். மறுக்கிறவர்கள் வரலாம்.

ஓட்டேரிக்காரி:
வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் கட்டம்தான் வேண்டும்.

12 அங்குல பீட்சாவை எட்டாக வெட்டினால் ஒரு துண்டு 6 அங்குல நீளம். சின்னப் பிள்ளை அதை எப்படிப் பிடிக்கும்? நுனி தொங்கி, மேலே இருக்கிற வெங்காயமும் குடைமிளகாயும் மடியில் விழும். பிறகு அதைத் துடைப்பது யார்? அப்புறம் பெரியவர்கள். என் மாமியார் "எனக்கு வேண்டாம், ஒரு வாய் மட்டும்" என்பார். முக்கோணம் ஒன்றை எடுத்துவிட்டால் அதை முடித்தே ஆகவேண்டும். சின்னச் சதுரம் என்றால் ஒன்று எடுத்துப் பார்ப்பார், கொஞ்ச நேரம் கழித்து யாரும் கவனிக்காதபோது இன்னொன்று எடுப்பார். கூட்டுக் குடும்பத்தில் இருந்து பாருங்கள், கட்டத்தின் அருமை தெரியும்.

ஹாஸ்டல்வாசி:
அக்கா, வீட்டில் விட்டுக்கொடுப்பார்கள். விடுதி அறையில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நாங்கள் நாலு பேர். எட்டு முக்கோணம், ஆளுக்கு இரண்டு, சண்டை கிடையாது. கட்டமாக வந்தால் எவன் முதலில் கை நீட்டுகிறானோ அவனுக்கு நல்ல துண்டு. கடைசியில் கை கழுவிவிட்டு வருகிறவனுக்கு அந்தத் துணுக்குகள். நான் எப்போதும் கை கழுவிவிட்டு வருகிற கட்சி.

ராணிப்பேட்டை ரிட்டர்ன்:
அந்தக் கடைக்காரர் கிறுக்குத்தனமாக எதையும் செய்யவில்லை. நான் தோல் வியாபாரத்தை விட்டுவிட்டு ஐடி வேலைக்குப் போய்ச் சிகாகோவில் இருந்தவன். சிகாகோ என்றதும் எல்லாரும் 1943இல் தொடங்கிய உனோ கடையின் ஆழமான பீட்சாவைச் சொல்வார்கள். அது வெளியூர் விருந்தாளி வந்தால் கூட்டிப்போகிற இடம். ஊர்க்காரர்கள் வாரக்கடைசியில் வாங்குவது பெரும்பாலும் மெல்லியதுதான், அதுவும் கட்டம் கட்டமாக வெட்டியது. 'டாவர்ன் ஸ்டைல்' என்று பெயர். டாவர்ன் என்றால் அக்கம்பக்கத்து மதுக்கடை.

ஹோம் ரன் இன் என்று ஒரு பழைய இடம் இருக்கிறது. 1923இல் மதுக்கடையாகத் தொடங்கியது, பீட்சா 1940களில்தான் வந்தது. குடிக்க வருகிறவர்களுக்குக் கொறிக்க ஏதாவது வேண்டும், தட்டு கழுவ ஆள் கிடையாது. சின்னச் சதுரமாக வெட்டி ஒரு காகிதத் துண்டின் மேல் வைத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஒரு கையில் கோப்பை, ஒரு கையில் துண்டு.

மிசூரி மாநிலத்து செயின்ட் லூயிஸிலும் கட்டம்தான். அங்கே மாவில் ஈஸ்டே போடுவதில்லை, சீஸும் வேறு. செடார், சுவிஸ், புரோவொலோன் மூன்றும் கலந்த புரோவெல். 1964இல் இமோஸ் கடையைத் தொடங்கியவர் அதற்கு முன் தரையில் டைல்ஸ் ஒட்டும் வேலை பார்த்தவர், அதனால்தான் சதுரமாக வெட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலூரான்:
நீங்களே என் கட்சிக்குப் பாயின்ட் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், சார். ஒரு கையில் கோப்பை இருந்ததால் கட்டம். காட்பாடிக் கடையில் கோப்பை எங்கே? இரண்டு கையும் சும்மாதான் இருக்கிறது. அங்கே காரணம் இருந்தது, வெட்டினார்கள். இங்கே காரணம் இல்லாமல் வெட்டை மட்டும் இறக்குமதி செய்வது எதற்கு?

ஷிஃப்ட் முடிஞ்சாச்சு:
எங்களுக்கு ஒரு கைதான் சும்மா இருக்கும். ஆஸ்பத்திரி இரவு ஷிஃப்ட்டில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டால் போகிறவர் வருகிறவர் ஆளுக்கு ஒரு சதுரம் வாயில் போட்டுக்கொண்டு போவார்கள். உட்கார்ந்து முக்கோணம் தின்ன யாருக்கு நேரம் இருக்கிறது?

கோட்டைவாசல்:
வடாற்காடு ஒரே ஜில்லாவாக இருந்தது. 1989இல் வெட்டித் திருவண்ணாமலையைத் தனியாக எடுத்தார்கள். மிச்சம் இருந்ததை 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாக வெட்டினார்கள். எந்த வடிவத்தில் வெட்டட்டும் என்று என்னை யாராவது கேட்டார்களா? பீட்சாவுக்கு மட்டும் ரோஷம் வந்துவிட்டதாக்கும்.

கணக்குவாத்தி:
ஹாஸ்டல் தம்பி சொன்னது சரியா என்று போட்டுப் பார்த்தேன்.

12 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 113 சதுர அங்குலம். எட்டு முக்கோணம் என்றால் துண்டுக்கு 14க்குச் சற்று மேல். இனி கட்டம். மூன்று அங்குல இடைவெளியில் நெடுக்காக மூன்று, குறுக்காக மூன்று வெட்டு. மொத்தம் 16 துண்டு. நடுவில் நாலு முழுச் சதுரம், ஒவ்வொன்றும் 9 சதுர அங்குலம், வெயிலூரான் சொல்கிற ஓரமில்லாத துண்டுகள் இவைதான். அவற்றைச் சுற்றி ஓரத்தோடு எட்டு, ஒவ்வொன்றும் சுமார் 8.2. மிச்சம் நாலும் துணுக்கு, ஒவ்வொன்றும் 2.8தான். பெரியது சின்னதைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஆக, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் அநியாயம்தான்.

ஆனால் தம்பி, நீங்கள் நாலு பேர் என்றீர்களே. நடுக்கோடு இரண்டையும் பாருங்கள், வட்டம் நாலு கால்வாசியாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கால்வாசியிலும் நடுத்துண்டு ஒன்று, ஓரத்துண்டு இரண்டு, துணுக்கு ஒன்று. ஆளுக்கு ஒரு மூலை என்று முதலிலேயே பிரித்துக்கொண்டால் எல்லாருக்கும் அச்சாக ஒரே அளவு. நாலு பேருக்குக் கட்டமும் முக்கோணமும் நியாயத்தில் சமம். கை கழுவிவிட்டு நிதானமாக வரலாம்.

ஹாஸ்டல்வாசி:
சார், காகிதத்தில் சரி. கடைப் பையன் நடுக்கோட்டை நடுவில் போட்டால்தானே? போன முறை ஒரு பக்கம் நாலு விரற்கடை, இன்னொரு பக்கம் இரண்டு.

கணக்குவாத்தி:
அப்படிக் கேளுங்கள். அங்கேதான் முக்கோணக் கட்சிக்கு ஒரு பலம் இருக்கிறது, அதை இதுவரை யாரும் எடுக்கவில்லை.

பீட்சா தேற்றம் என்றே ஒன்று உண்டு. 1967இல் ஒரு கணித இதழில் புதிராக வந்தது. வட்டத்துக்குள் ஏதோ ஒரு புள்ளி, அது மையமாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. அந்தப் புள்ளி வழியாக 45 டிகிரி இடைவெளியில் நாலு நேர்வெட்டு போடுங்கள். எட்டுத் துண்டும் எட்டு அளவில் வரும். ஆனால் ஒன்று விட்டு ஒன்றாக எடுத்தால், முதல் ஆளின் நாலு துண்டும் இரண்டாம் ஆளின் நாலு துண்டும் பரப்பில் சரிசமம். பையன் மையத்தைத் தவறவிட்டாலும் இரண்டு பேருக்கு நியாயம் கெடாது. கட்டத்தில் கோடு நகர்ந்தால் காப்பாற்ற அப்படி ஒரு தேற்றம் இல்லை.

ஓட்டேரிக்காரி:
இரண்டு பேர் மட்டும் சாப்பிடுகிற வீட்டில் தேற்றம் எதற்கு வாத்தியாரே? "நீ சாப்பிடு", "இல்லை நீ சாப்பிடு" என்றுதான் இருப்பார்கள். எங்கள் வீட்டில் ஏழு பேர். எட்டு முக்கோணம் வந்தால் ஆளுக்கு ஒன்று போக மிச்சம் ஒன்று நடுவில் கிடக்கும். அந்த ஒன்றுக்கு நடக்கிற சண்டைக்கு ஒரு தேற்றம் கொடுங்கள். பதினாறு துண்டில் யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். நீங்கள் எல்லாரும் துணுக்கு, துணுக்கு என்று இளப்பமாகச் சொல்கிறீர்களே, நன்றாக முறுகி, கொஞ்சம் கருகின சீஸோடு இருக்கிற அந்த நாலுக்குத்தான் என் பிள்ளைகள் ஓடிவருவார்கள்.

பாலாற்றங்கரை:
விவாதத்துக்குச் சம்பந்தம் இல்லாமல் ஒன்று. அந்தக் கடையில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை வாட்டி மேலே போடச் சொல்லுங்களேன்.

அடுப்படி:
முதலில் கத்தரிக்காய். தனியாக வதக்கி நீரை வற்றவிட்டுப் போட்டால் உண்டு, பச்சையாகப் போட்டால் நீர் விட்டு மெல்லிய அடியை ஊறவைத்துவிடும்.

இனி வெட்டுக்கு வருகிறேன். எனக்கு பேக்கரி வேலை, சத்துவாச்சாரியில். எல்லாரும் வடிவத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், மாவைப் பற்றி யாரும் பேசவில்லை. எப்படி வெட்டுவது என்பதை மாவுதான் முடிவு செய்யும்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் ஊர் பீட்சா 450 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறிய விறகடுப்பில் 60 முதல் 90 நொடிக்குள் வெந்து வருவது. நடுப்பகுதி துவளும். அங்கே கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் வெட்டாமலேயே தட்டில் வைத்துவிடுவார்கள், கத்தியும் முள்கரண்டியும் வைத்து நீங்களே சமாளிக்க வேண்டும். ரோமில் நீளத் தட்டில் சுட்டதைக் கத்தரிக்கோலால் கேட்ட அளவுக்கு வெட்டி, எடை போட்டு விற்கிறார்கள். நியூயார்க்கில் பெரிய முக்கோணம், அடி வளையும், மடித்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிடலாம். மடிக்க வேண்டுமானால் நீளம் வேண்டும், அதனால் அங்கே முக்கோணம்.

இந்தக் காட்பாடிக் கடைக்காரர் போடுவது வேறு. மாவில் தண்ணீர் குறைவு. தேய்த்த வட்டங்களைக் குளிர்பெட்டியில் வைத்து மேல்பக்கம் உலரவிட்டு, பிறகு நிதானமாகச் சுடுகிறார். ஓரம் வரைக்கும் விறைப்பாக வரும். அதை மடித்துப் பாருங்கள், உடையும். நியூயார்க் துண்டுக்கு ஏற்ற வடிவத்தை இதற்குக் கேட்டால் நுனிப்பக்கம் தனியாக முறிந்து கையோடு வரும். சின்னத் துண்டாக இருந்தால் முறிய இடமே இல்லை. கோப்பை இருந்ததோ இல்லையோ, விறைப்பான அடிக்குக் கட்டம் பொருந்தும். வெயிலூரான் சார், நீங்கள் தேடின காரணம் இது.

ஆனால் கட்டத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 12 அங்குலத்தில் எட்டு முக்கோணத்துக்கு நாலு வெட்டு, மொத்த நீளம் 48 அங்குலம். கட்டத்துக்கு ஆறு வெட்டு, கூட்டினால் சுமார் 66 அங்குலம். ஒவ்வொரு வெட்டிலும் எண்ணெயும் சாஸும் அடியில் இறங்கும். பெட்டிக்குள் ஆவி வேறு. காட்பாடியிலிருந்து பாகாயம் போய்ச் சேருவதற்குள் மொறுமொறுப்பு போய்விடும். கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் கட்டம், பார்சல் என்றால் குறைவான வெட்டு. நான் கடை வைத்தால் அப்படித்தான் செய்வேன்.

வெயிலூரான்:
மடித்தால் உடையும் என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் மடிக்கவே சொல்லவில்லை. ஓரத்தைப் பிடித்து, நுனியிலிருந்து கடித்துக்கொண்டே வந்து, கடைசியில் முறுகின ஓரத்தை மெல்லுவது. ஒவ்வொரு துண்டிலும் நடு, ஓரம் இரண்டும் கிடைக்கிறது. கட்டத்தில் உங்களுக்கு நடு மட்டும், எனக்கு ஓரம் மட்டும். ஒரே பீட்சாவை வாங்கி ஆளுக்கு ஒரு பண்டம் சாப்பிடுகிற மாதிரி.

சரி, கடைக்காரர் ஏன் மறுக்கிறார்? விறைப்பு, ஆவி எல்லாம் அவர் சொல்லவில்லையே, "இப்படித்தான்" என்று மட்டும்தானே சொன்னார்?

அடுப்படி:
சனிக்கிழமை சாயந்திரம் அவருடைய அடுப்பு மேடையில் நின்று பார்த்தால் தெரியும். அடுப்பிலிருந்து எடுத்ததும் இரண்டு நிமிடம் ஆறவிடவேண்டும், இல்லாவிட்டால் சக்கரக் கத்தியோடு சீஸ் சேர்ந்து இழுத்துக்கொண்டு வரும். ஆறுகிற பீட்சாக்கள் வரிசையில் நிற்கும்போது இது முக்கோணம், அது கட்டம், இன்னொன்று பாதிப் பாதி என்று பையன் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒன்று மாறினால் முழுப் பீட்சாவையும் திருப்பி அனுப்புவீர்கள். வெட்டினதை ஒட்டவா முடியும்?

ஒரு வழி சொல்கிறேன். வெட்டாமல் கொடுங்கள் என்று கேளுங்கள். எந்தக் கடையும் மறுக்காது, பெட்டிக்குள் சாஸும் இறங்காது. வீட்டுக்குப் போய்க் காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் அடி மறுபடி விறைக்கும். பிறகு சமையல் கத்தரிக்கோலை எடுத்து உங்கள் இஷ்டம்.

ஷிஃப்ட் முடிஞ்சாச்சு:
டியூட்டி அறையில் தோசைக்கல்லுக்கு எங்கே போவது? எங்களுக்கு வெட்டியே வரட்டும்.

ஓட்டேரிக்காரி:
வெட்டாமல் வாங்கிவந்தால் வீட்டில் வெட்டுவது யார்? தோசைக்கல்லைக் காயவைப்பது யார்? அன்றைக்கு ஒரு நாளாவது அடுப்படிக்குள் போகவேண்டாம் என்றுதானே பீட்சா வாங்குகிறோம்?

வெயிலூரான்:
ஞாயிற்றுக்கிழமை வெட்டாமல் ஒன்று வாங்கப் போகிறேன். தோசைக்கல், கத்தரிக்கோல், கழுவுகிற வேலை எல்லாம் நான்தான். முக்கோணம்தான்.

கோட்டைவாசல்:
வீட்டில் கேட்டுவிட்டீர்களா?