கிரீன் கார்டு அஞ்சு வருஷம் முடிஞ்சிருச்சு, சிட்டிசன்ஷிப் போடலாமா? மனசு ஒப்ப மாட்டேங்குது

நெல்லைக்காரன்_எடிசன்

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு போற ஆளு, முதல் தடவ கேக்கேன், நீளமா இருந்தா பொறுத்துக்கோங்க.

2015ல எச்1பி வேலை விசால வந்தேன், 2017 கடைசில கம்பெனி கிரீன் கார்டுக்கு முதல் படியான பெர்ம் போட்டுது, 2020 பிப்ரவரில கிரீன் கார்டு கைல. பல வருஷ வரிசைல நிக்கற இந்தியாக்காரனுக்கு, அதுவும் ஈபி2ங்கற வேலை வழி வரிசைல, எப்படிடா ரெண்டே வருஷத்துல வந்துச்சுன்னு கேப்பீங்க, நான் ஒண்ணும் பெரிய அறிவாளி இல்ல. என் வீட்டுக்காரி பொறந்தது குவைத்துல. மாமனார் அங்க வெல்டரா இருந்தாரு, இவ பொறந்து ஒரு வயசு கூட ஆகல, 1990 ஆகஸ்ட்ல சதாம் படை உள்ள வந்துருச்சு. கைக்குழந்தைய தூக்கிட்டு பஸ்லயே ஜோர்டான் வரைக்கும் போயி அம்மான்ல இருந்து ஏர் இந்தியா பிளைட்ல ஊரு வந்து சேந்தாங்க. அவளுக்கு குவைத்னா ஒண்ணும் தெரியாது, அங்க எடுத்த ஒரு போட்டோ கூட வீட்ல கிடையாது. ஆனா பர்த் சர்டிபிகேட்ல குவைத்னு இருக்கு. கிரீன் கார்டு வரிசைல பாஸ்போர்ட் எந்த நாடுன்னு பாக்க மாட்டாங்க, பொறந்த நாடுதான் கணக்கு, புருஷன் பொண்டாட்டில யாரோட நாட்டையும் எடுத்துக்கலாம். வக்கீல் அம்மா அந்த சர்டிபிகேட்ட பாத்துட்டு போன்லயே சிரிச்சிட்டாங்க, "யூ ஆர் லக்கி"ன்னு.

என் பக்கத்து சீட்டு நண்பர், அதே ப்ராஜெக்ட், அதே சம்பளம், எனக்கு ரெண்டு வாரம் முன்னாடி பெர்ம் போட்டவரு. அவரு வீட்டம்மா பொறந்தது திண்டுக்கல்ல. அவருக்கு இன்னும் எத்தன வருஷம்னு யாருக்கும் தெரியாது. எங்க வீடு பால் காய்ச்சுன அன்னைக்கு வந்து நின்னு எல்லா வேலையும் பாத்தாரு, ஒரு வார்த்த குத்தி பேசல, அதான் எனக்கு இன்னும் ஒரு மாதிரியா இருக்கு.

இப்ப விஷயம். சிட்டிசன்ஷிப் பாரம் என்-400 போட தகுதி வந்து மாசக்கணக்காச்சு. உண்மைய சொன்னா இந்த நாட்டு மேல எனக்கு அப்படி ஒண்ணும் பாசம் பொங்கல, வெறுப்பும் இல்ல. இந்த வருஷம் வெளிநாட்டுக்காரங்க மேல நடக்கற கெடுபிடிய பாத்து ஒரு பயம், அவ்ளோதான். ஏர்போர்ட்ல வரிசைல நிக்கும்போது வயித்த கலக்குது. பயத்துக்காக ஒரு நாட்டுக்கு சத்தியம் பண்றது சரியா? அப்பா வேற போன்ல, "அப்போ நீ இனிமே விசா வாங்கிட்டுதான் நம்ம வீட்டுக்கு வருவியா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல வரல. யாராவது இந்த குழப்பத்த தாண்டி வந்தவங்க இருக்கீங்களா?

மிச்சிகன்_ஆச்சி

தம்பி, நான் 2022ல எடுத்துட்டேன். என் காரணத்த கேளுங்க. 2021ல கோவிட் ரெண்டாவது அலைல எங்க அம்மா காரைக்குடில தனியா படுத்துட்டாங்க, போனேன், ஏழு மாசம் இருக்க வேண்டியதா போச்சு. திரும்பி வரும்போது டெட்ராய்ட்ல ஆபீசர், ஆறு மாசத்துக்கு மேல ஏன் இருந்தீங்க, இங்க வீடு இருக்கா வேலை இருக்கான்னு துருவி துருவி கேட்டார். ஒரு வருஷம் தாண்டிட்டா, போறதுக்கு முன்னாடியே கேக்கற ரீ-என்ட்ரி பர்மிட்டும் இல்லன்னா, கார்டே போச்சுன்னு வச்சுக்கோங்க. அம்மாவ பாக்க போறதுக்கு நாள் எண்ணிட்டு போகணுமான்னு வந்துச்சு, வந்த மாசமே பாரம் போட்டேன். ஆக நான் அமெரிக்க சிட்டிசன் ஆனது காரைக்குடில இஷ்டத்துக்கு இருக்கறதுக்குத்தான், கேக்க கிறுக்குத்தனமா இருக்கும்.

இன்னொண்ணு, கிரீன் கார்டு வச்சிருக்கறவங்க அப்பா அம்மாவுக்கு போட முடியாது, சிட்டிசன் போடலாம், அதுக்கு வருஷ கோட்டா கிடையாது. நானும் போட்டேன். அம்மா கிரீன் கார்டோட வந்தாங்க, நவம்பர்ல வந்தாங்க பாருங்க, அதான் தப்பு. ஜன்னலுக்கு வெளிய பனிய பாத்துக்கிட்டே நாலு மாசம், "இங்க காக்கா கூட கத்த மாட்டேங்குது"ன்னாங்க. மார்ச்ல கிளம்பிட்டாங்க. கார்டு பீரோல இருக்கு.

சத்தியத்த பத்தி கேட்டீங்க. பழைய நாட்டு விசுவாசத்த முழுசா விட்டுடறேன்னு வாயால சொல்லணும்தான், நானும் அந்த வரி வந்தப்ப கொஞ்சம் மெதுவா சொன்னேன். பக்கத்துல ஒரு ஏமன் நாட்டு பெரியவர் அழுதுட்டு இருந்தார். எனக்கு அழுகை வரல. வந்தது எப்பன்னா, இந்திய பாஸ்போர்ட்ட சரண்டர் பண்ணி ஓட்டை போட்டு கேன்சல்னு அடிச்சு திருப்பி அனுப்புனாங்க பாருங்க, அத கவர்ல இருந்து எடுத்தப்ப.

பிடி_2014

நானும் உங்க பக்கத்து சீட்டு ஆளு மாதிரிதானுங்க. பிரையாரிட்டி டேட், அதாவது வரிசைல எடம் புடிச்ச தேதி, 2014 ஆகஸ்ட், ஈபி2. எந்த தேதிக்காரங்க முறை வந்துருச்சுன்னு சொல்ற விசா புல்லட்டின் 2025 கடைசிலயும் 2013லயே நின்னுச்சுங்க. மாசா மாசம் அத பாக்கறத நிறுத்திட்டனுங்க, வீட்ல அவங்கதான் பாத்துட்டு மூஞ்சிய வச்சே சொல்லிருவாங்க.

கணக்கு தெரியாதவங்களுக்கு சொல்றனுங்க. 1990 சட்டத்துல வேலை வழியா வருஷத்துக்கு 1,40,000 கிரீன் கார்டுன்னு வச்சாங்க, ஒரு நாட்டுக்கு 7 சதவீதம். ஈபி2ல பாத்தா ஒரு நாட்டுக்கு சுமார் 2,800 தானுங்க வருது, வேற யாரும் எடுக்காம மிஞ்சுனா கொஞ்சம் கூட கிடைக்கும். அதுல பொண்டாட்டி புள்ளைங்களும் சேத்தி. ஐஸ்லாந்துக்கும் அதே உச்சவரம்பு, இந்தியாவுக்கும் அதே உச்சவரம்பு. ஆனா எச்1பிக்கு நாட்டு கோட்டா கிடையாதுங்க, அதுல 70 சதவீதத்துக்கு மேல நம்ம ஆளுங்க. உள்ள வர்ற கதவு கல்யாண மண்டப கதவு மாதிரி, வெளிய போற கதவு பாத்ரூம் ஜன்னல் மாதிரி.

எனக்கு கோவம் என் மேலயும்தானுங்க. பொண்ணு நாலு வயசுல வந்தது, இப்ப பதினெட்டு. 21 ஆச்சுன்னா என் பைல்ல இருந்து வெளிய. கம்பெனி நமக்காக போடற கிரீன் கார்டு மனு ஐ-140 எத்தன நாள் பெண்டிங்ல இருந்துச்சோ அத மட்டும் வயசுல கழிப்பாங்களாம். நான் அன்னைக்கு சீக்கிரம் முடிக்கற பிரீமியம் பீஸ் கட்டி 15 நாள்ல வாங்கிட்டு ஆபீஸ்ல ஸ்வீட் குடுத்தனுங்க. மெதுவா வந்திருந்தா பொண்ணுக்கு ஆறு ஏழு மாசம் கூட கிடைச்சிருக்கும். கூட படிக்கற புள்ளைங்க எல்லாம் லீவுல ஐஸ்கிரீம் கடைல வேலை பாக்குதுங்க, இது எச்4, எச்1பிக்காரங்க குடும்பத்துக்கு குடுக்கற விசா, பத்து டாலர் சம்பாதிச்சாலும் தப்பு. தம்பி டல்லஸ்ல பொறந்தவன், சிட்டிசன். ஒரே டைனிங் டேபிள்ல மூணு விதமான பேப்பருங்க.

நீங்க போடுங்க. நீங்க போடாம இருந்தா எனக்கு ஒரு நம்பர் முன்னாடி வராதுங்க.

முன்னாள்_பெஞ்ச்

யாரும் அடிக்க வராதீங்க, நான் மாத்தி பேசறேன். வரிசை அநியாயம்னு நாமளே பேசிக்கறோம், நாம அந்த வரிசைல எப்படி நின்னோம்னு யாராவது பேசறீங்களா? நான் வந்தது ஒரு சின்ன கன்சல்டன்சி வழியா, பேரு வேணாம். ரெஸ்யூம்ல எனக்கு இல்லாத மூணு வருஷ அனுபவம் அவங்களே போட்டாங்க. ஒரே ஆளுக்கு நாலு கம்பெனி பேர்ல எச்1பி லாட்டரி போட்டது ஊரறிஞ்ச ரகசியம். 2023 மார்ச்ல சுமார் 7.8 லட்சம் பதிவு, அடுத்த வருஷம் ஆளுக்கு ஒரு சீட்டுதான்னு ரூல மாத்துனதும் சுமார் 4.8 லட்சமா எறங்கிருச்சு. மிச்சம் மூணு லட்சம் ஆவியா? ஒழுங்கா ஒரே ஒரு சீட்டு போட்டு லாட்டரில விழாம ஊருக்கு திரும்பி போன பையனுக்கு நாம என்ன பதில் சொல்றது.

அந்த 7 சதவீதமும் எடுத்துட்டா என்ன ஆகும்னு யோசிங்க. பல வருஷத்துக்கு ஈபி2 மொத்தமும் நாமளும் சீனாக்காரனும்தான், நைஜீரியாக்காரனோ பிரேசில்காரனோ நமக்கு பின்னாடி நிப்பான். 2019 ஜூலைல கீழ்சபைல 365க்கு 65ன்னு அந்த 7 சதவீதத்த எடுக்கற பில் பாஸ் ஆச்சு, 2020 கடைசில செனட் வேற ஒரு வடிவத்துல பாஸ் பண்ணுச்சு, ரெண்டும் ஒண்ணு சேராம அப்படியே போச்சு. எதிர்த்தவங்க எல்லாரும் இனவெறியர்னு நம்ம வாட்ஸ்அப் குரூப்ல திட்டுனோம், பாதி பேரு மத்த நாட்டுக்காரங்க, அவங்க பயம் அவங்களுக்கு.

அதுக்காக பிடி_2014 பொண்ணு விஷயம் சரின்னு சொல்லல. அது அநியாயம்தான். வளந்த புள்ளைய நாட்ட விட்டு அனுப்பற சட்டத்துக்கு சப்பைக்கட்டு கட்ட முடியாது.

அப்புறம் நெல்லை, பயத்துக்காக எடுக்கலாமான்னு கேட்டீங்க. 1923ல பகத் சிங் திண்ட்னு ஒருத்தர், முதல் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்தவர், நீ வெள்ளைக்காரன் இல்ல உனக்கு சிட்டிசன்ஷிப் கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. அதுக்கப்புறம் ஏற்கனவே வாங்கின இந்தியர்கள்கிட்டேந்தும் புடுங்குனாங்க. 1946லதான் சட்டம் மாறுச்சு, அதுவும் புதுசா உள்ள வர்றது வருஷத்துக்கு நூறு இந்தியர்தான்னு. அவங்க எல்லாம் பாசத்துலயா வரிசைல நின்னாங்க, நிலம் வாங்கணும், நிம்மதியா இருக்கணும், அதுக்குத்தான்.

ஸ்கார்பரோ_பெடியன்

நான் கனடாவில இருந்து எழுதுறன், உங்கட கதையளை வாசிக்கேக்க சிரிப்பும் வருது கொஞ்சம் எரிச்சலும் வருது, குறை நினைக்காதேங்கோ.

நான் 90களின்ர தொடக்கத்தில அகதியா வந்தனான். எனக்குத் தந்தது அகதிகளுக்கான பயணப் பத்திரம், அதில எந்த நாட்டுக்கும் போகலாம், தப்பி வந்த நாட்டுக்கு மட்டும் ஏலாது. அம்மம்மா செத்ததுக்குப் போகேலாமப் போச்சு. நான் கனடாச் சிட்டிசன் எடுத்ததே யாழ்ப்பாணம் போறதுக்குத்தான். 2002ல யாழ்ப்பாணம் போற ஏ9 பாதை திறந்த உடன அந்த நீலப் பாஸ்போர்ட்டோட போய் வீட்டு வாசல்ல நிண்டன், வீட்டுக்குக் கூரை இல்லை.

ஆனா எழுத வந்தது அதில்லை. என்ர பெரியம்மான்ர மகள் 1990ல படகில மண்டபம் வந்து இறங்கினவ, இண்டைக்கும் தமிழ்நாட்டில முகாமிலதான் இருக்கிறா. அவவின்ர மகள் பிறந்தது அங்கதான், படிச்சதும் அங்கதான், உங்களை விட நல்ல மதுரைத் தமிழ் கதைப்பாள், ஆனா இந்தியக் குடியுரிமை இல்லை. 1987 ஜூலை 1க்கு முன்னம் இந்தியாவில பிறந்தவைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு, அப்பிடி மண்டபம் முகாமில பிறந்த ஒரு பெண் கோர்ட்டுக்குப் போய் பாஸ்போர்ட் எடுத்து 2024ல வோட்டும் போட்டவ. இவள் பிறந்தது 1995. 2019ல வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் எண்டு மூண்டு நாடுதான் இருக்கு, இலங்கை இல்லை. உங்களுக்கு வரிசை நீளம் எண்டு கவலை. அவளுக்கு நிக்கிறதுக்கு வரிசையே இல்லை. சட்டப்படி வாறவன் சட்டம் மீறி வாறவன் எண்டு ஆக்களைப் பிரிக்கிறவையிட்ட நான் கேக்கிறது இதைத்தான், சட்டப்படி வாற வழி எங்க இருக்கு, காட்டுங்கோ, வந்து நிக்கிறம்.

நெல்லைக்காரன்_எடிசன்

எல்லாருக்கும் நன்றி. ஸ்கார்பரோ அண்ணே, நீங்க சொன்னது நேத்து ராத்திரி தூங்க விடல. எங்க ஊர் பக்கமும் முகாம் இருக்கு, பள்ளிக்கூடத்துல கூட படிச்ச ஒருத்தன் அங்க இருந்துதான் வருவான். அவன் அப்புறம் என்ன ஆனான்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல.

பக்கத்து சீட்டு நண்பர்ட்ட மதியம் சாப்பிடும்போது கேட்டேன், போடவான்னு. "இன்னுமா போடல, டெஸ்ட்ட வேற கஷ்டமாக்கிட்டாங்களேப்பா"ன்னாரு. 2025 அக்டோபர் 20ல இருந்து போடறவங்களுக்கு புது டெஸ்ட், 128 கேள்விய படிக்கணும், 20 கேப்பாங்க, 12 சரியா சொல்லணும். முன்னாடி 100 படிச்சா போதும், பத்துக்கு ஆறு. நான் யோசிச்சு யோசிச்சு இழுத்ததுல 28 கேள்வி கூடிருச்சு. ஆன்லைன்ல 710 டாலர் கட்டி நேத்து போட்டுட்டேன்.

கடைசியா ஒரு சந்தேகம். அப்பாவுக்கு இப்ப பயம் வயல் மேல. நான் அமெரிக்காக்காரன் ஆயிட்டா வயல் எனக்கு வராதுன்னு யாரோ டீக்கடைல சொல்லிருக்காங்க. அதுக்குள்ள என் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிரட்டுமான்னு கேக்காங்க.

மிச்சிகன்_ஆச்சி

அப்படி எழுத முடியாது தம்பி. நீங்க இப்பவே என்ஆர்ஐ, விவசாய நிலத்த விலைக்கோ தானமாவோ வாங்க இப்பவும் உங்களுக்கு வழி இல்ல. சிட்டிசன் ஆனப்புறம் இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு குடுக்கற ஓசிஐ கார்டு வாங்குனாலும் அதேதான். ஆனா வாரிசா வந்தா இப்பவும் வாங்கிக்கலாம், சிட்டிசன் ஆனப்புறமும் வாங்கிக்கலாம். வயலுக்கும் உங்க பாஸ்போர்ட்டுக்கும் சம்பந்தமே இல்ல. ஊர்ல ஒரு வக்கீல்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க, ஆனா எங்க வீட்லயும் இப்படித்தான் வந்துச்சு.

நெல்லைக்காரன்_எடிசன்

அப்பாட்ட சொன்னேன் அக்கா, வாரிசா வந்தா பிரச்சன இல்லையாம்னு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "அப்போ நான் சாவணும்னு சொல்லுத"ன்னு சொல்லி சிரிச்சாங்க.