ஹெரால்டுக்கு அடியில் செங்கல்

குழு: குரோம்பேட்டை வீடு
சனிக்கிழமை

காலை 8:41

கார்த்தி: [படம்]

கார்த்தி: தாத்தாவோட பழைய ஹெரால்டு கார் ரெடி ஆகுது. பின்னாடி பிரேக் மட்டும் பாத்துட்டா விக்கி மாப்பிள்ளை அழைப்புக்கு இதுலயே போயிடலாம்

மீனா அக்கா: டேய் செம்ம

விக்கி: ஸ்போர்ட்ஸ் கார்ல என்ட்ரி 😎

சேகர் சித்தப்பா: எது, இதுவா ஸ்போர்ட்ஸ் கார்

சுமதி அத்தை: கார்த்தி, வண்டிக்கு அடியில என்ன அது செங்கல்லா?

கார்த்தி: ஆமா அத்தை. மாடி கட்டினப்போ மிஞ்சினது. ஸ்ட்ராங்காதான் நிக்குது

பெரியப்பா: கார்த்தி அடியில போகாதே

பெரியப்பா: போனை எடு

பெரியப்பா: எடுடா

அம்மா: அவன் போன் ஹால்ல சார்ஜ்ல இருக்கு மாமா. நான் போய்ச் சொல்றேன்

அம்மா: கால் மட்டும்தான் வெளிய தெரிஞ்சுது. இழுத்துட்டு வந்துட்டேன். எனக்குக் கை நடுங்குது

ரவி மாமா: நல்ல வேளை

காலை 9:05

பெரியப்பா: எல்லாரும் படிங்க. செங்கல் மேல பாரம் சமமா உக்காராது. ஒரு ஓரத்துல அழுத்தம் ஏறினா சொல்லாம கொள்ளாம பொளந்துடும். ஹாலோ பிளாக் அதைவிட மோசம். வண்டி 800 கிலோ கிட்ட இருக்கு. ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும்தான், தாங்குறதுக்கு இல்ல. உள்ள இருக்கற ஆயில் சீல் ஒண்ணு கசிஞ்சா மெதுவாவும் இறங்கும், ஒரேயடியாவும் இறங்கும். தூக்கின வண்டியைத் தாங்கற இரும்பு ஸ்டாண்டு இல்லாம யாரும் அடியில தலையைக் கொடுக்கக் கூடாது.

பெரியப்பா: அப்புறம் படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன். ஜாக்கியைக் கதவுக்குக் கீழ இருக்கற தகட்டுல வச்சிருக்கான். இது மாருதி இல்லடா. ஹெரால்டுல பாடி தனி, அடியில இருக்கற சட்டம், அதாவது சேஸிஸ், தனி. அந்தத் தகடு சும்மா ஒப்புக்கு. உள்ள ஓடற சட்டத்துலதான் தூக்கணும். அதுலயும் ஓரத்துக்கு நீட்டிக்கிட்டு வர்ற கைகள் துரு பிடிச்சிருக்கும், அதை நம்பாதே. பின்னாடி தூக்கணும்னா நடுவுல ரெண்டு பின் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கற டிஃபரன்ஷியலுக்கு அடியில மரக்கட்டை வச்சுத் தூக்கு. ரெண்டு சட்டத்துக்கும் ஸ்டாண்டு கொடு. ஜாக்கியை லேசா இறக்கிப் பாரத்தை ஸ்டாண்டு மேல விடு.

கார்த்தி: ஓகே பெரியப்பா

கார்த்தி: ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் தூக்கினேன். கியர்லயும் விட்டேன்

பெரியப்பா: ஹேண்ட் பிரேக் எந்தச் சக்கரத்துல பிடிக்கும்?

கார்த்தி: பின்னாடி

பெரியப்பா: நீ தூக்கினது?

கார்த்தி: 🤐

பெரியப்பா: கியரும் அப்படித்தான். ரெண்டுமே தரையை விட்டுட்டா கியர் எதைப் பிடிக்கும்? ஒரு சக்கரம் மட்டும் தூக்கினாலும் தூக்கினது சுத்தும், தரையில இருக்கறது உருளும். டிஃபரன்ஷியல் வேலையே அதுதான். நம்ம போர்ட்டிகோ மழைத்தண்ணி போக கேட் பக்கம் சாய்வு. முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை போடு.

சேகர் சித்தப்பா: அந்தச் சாய்வு போட்டதே நீங்கதான். அப்பவே சொன்னேன் அதிகம்னு

பெரியப்பா: அது இப்போ எதுக்கு

மீனா அக்கா: ஆரம்பிச்சாச்சு

சுமதி அத்தை: நம்ம வீட்ல ரெண்டு ஸ்டாண்டு இருந்துச்சே? பச்சை பெயின்ட்

அம்மா: அவர் வாங்கினது. ரவி அண்ணா அம்பாசிடருக்குன்னு எடுத்துட்டுப் போனார்

ரவி மாமா: திருப்பிக் கொடுத்துட்டேனே

அம்மா: இல்லண்ணா

ரவி மாமா: பரண்ல பாக்கறேன்

காலை 10:20

கார்த்தி: [படம்]

கார்த்தி: பெரியப்பா செங்கல்லை எடுத்துட்டு வண்டியை இறக்கிட்டேன். பின் சக்கரம் ரெண்டும் மடங்கிடுச்சு!! அடிப்பக்கம் உள்ள போயிடுச்சு. வண்டி பின்னாடி தூக்கிக்கிட்டு நிக்குது. ஆக்சில் போச்சா?

சேகர் சித்தப்பா: அப்பவே கேட்ட விலைக்குக் கொடுத்திருக்கலாம்

சுமதி அத்தை: ஐயையோ முகூர்த்தத்துக்கு முன்னாடியா

தாம்பரம் சித்தி: வண்டி கவுந்துடுச்சாமே? யாருக்கு அடி?

மீனா அக்கா: யாருக்கும் ஒண்ணும் இல்ல சித்தி

தாம்பரம் சித்தி: சுமதிதான் போன்ல சொன்னா

பெரியப்பா: ஒண்ணும் ஆகல. பதறாதீங்க. ஹெரால்டுல பின்னாடி முழு ஆக்சில் கிடையாது. நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் தனித்தனியா மடங்கற அரை ஆக்சில். மேல குறுக்க ஒரே பட்டை ஸ்பிரிங். தூக்கினா சக்கரம் தொங்கி உள்ள மடங்கும். இறக்கினதும் டயர் தரையைப் பிடிச்சுக்கறதால அப்படியே நிக்கும். ரெண்டு பேர் சேர்ந்து பத்தடி முன்னாடி பின்னாடி உருட்டுங்க. தானா உக்காரும்.

கார்த்தி: வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிட்டுத் தள்ளினேன். உக்காந்துடுச்சு 😅

விக்கி: அப்பா ராக்ஸ்

பெரியப்பா: நீ ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னதுல தப்பு இல்ல. இதே சேஸிஸைக் குட்டையாக்கி அதுமேல 1962ல இங்கிலாந்துல விட்டதுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். ரெண்டுக்கும் டிசைன் பண்ணினது ஒரே ஆள், இத்தாலிக்காரர் மிக்கலாட்டி. அதுக்கும் பின்னாடி இதே அரை ஆக்சில். நம்மளது பெருங்களத்தூர்ல செஞ்சது, 948 சிசி. அப்பா அங்க வேலைக்குச் சேர்ந்த

சேகர் சித்தப்பா: தெரியும் தெரியும். அப்பா ஷிஃப்ட் முடிச்சு சைக்கிள்ல வந்த கதை

பெரியப்பா: உனக்குத் தெரியும், பசங்களுக்குத் தெரியாது

சேகர் சித்தப்பா: ஆர்சி இன்னும் அப்பா பேர்லதானே இருக்கு? அதை முதல்ல பேசுங்க. பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டி, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். கடைசியா யார் பண்ணினது?

அம்மா: அவர்தான் பண்ணினார்

சேகர் சித்தப்பா: அதான் கேக்கறேன் அண்ணி. தேதி முடிஞ்சிருந்தா ரோட்டுலயே எடுக்க முடியாது

விக்கி: கல்யாண மண்டபம் ரெண்டு தெரு தள்ளிதானே சித்தப்பா

சேகர் சித்தப்பா: ரெண்டு தெருவுல போலீஸ் இருக்க மாட்டாங்களா

மீனா அக்கா: ஆர்சி எங்க இருக்கு?

அம்மா: பீரோல பாக்கறேன்

சுமதி அத்தை: அண்ணி அதே பீரோல என் வளையல் பில்லும் இருக்கும் பாருங்க

பகல் 12:37

கார்த்தி: ஸ்டாண்டு வர்ற வரைக்கும் வீல் நட்டு கழட்டி வைக்கவா?

பெரியப்பா: கழட்டாதே!! தூக்கறதுக்கு முன்னாடி, தரையில நிக்கும்போது கால் சுத்து லூஸ் மட்டும் பண்ணு. மேல தூக்கிட்டு நட்டு மேல ஏறி நின்னு மிதிச்சா வண்டி ஸ்டாண்டுல இருந்து நழுவும்.

பெரியப்பா: அப்புறம் அந்த டிராலி ஜாக்கி. தூக்கும்போது அது தானா கொஞ்சம் உருளணும். பேவர் கல்லு இடுக்குல அதோட சக்கரம் மாட்டினா ஜாக்கி வண்டியை இழுக்கும். கனமான பிளைவுட் ஒண்ணு விரிச்சுக்கோ. ஸ்டாண்டுக்கும் அதே. நிறுத்தினதும் பக்கவாட்டுல நல்லா உலுக்கிப் பாரு. ஆடினா இறக்கி மறுபடி வை. கழட்டின சக்கரத்தைப் படுக்க வச்சு சட்டத்துக்கு அடியில தள்ளிடு. வண்டி விழுந்தாலும் அதுமேலதான் விழும். பிரேக் டிரம்ல இருக்கற தூசியை ஊதாதே, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால தொட.

மீனா அக்கா: அப்பா வாய்ஸ் நோட் போடுங்களேன்

பெரியப்பா: வாய்ஸ் நோட்டை எவனும் கேக்கறதில்ல

அம்மா: நான் பக்கத்துல இல்லாம அவன் வண்டியைத் தொடக் கூடாது. அவ்ளோதான்

ரவி மாமா: [படம்]

ரவி மாமா: கிடைச்சிடுச்சு. பரண்லதான் இருந்துச்சு

சுமதி அத்தை: திருப்பிக் கொடுத்துட்டேன்னு சொன்னீங்க

ரவி மாமா: ஒண்ணோட கால் லேசா வளைஞ்சிருக்கு. தாங்கும்

பெரியப்பா: வளைஞ்சது வேண்டாம். புது ஜோடி வாங்கு

சேகர் சித்தப்பா: யார் காசு?

பெரியப்பா: வளைச்சவர் காசு

ரவி மாமா: வாங்கினப்பவே வளைஞ்சுதான் இருந்துச்சு மாப்ள

அம்மா: அவர் வளைஞ்சதை வாங்கற ஆள் இல்லண்ணா

மீனா அக்கா: சரி நான் ஜிபே பண்றேன். நாளைக்கு வேலையை முடிங்க

சுமதி அத்தை: நாளைக்கு நாலரையில இருந்து ஆறு ராகு காலம்

கார்த்தி: காலையிலயே பண்ணிடுவோம். பெரியப்பா வருவீங்களா?

பெரியப்பா: பாக்கறேன். முட்டி வலி. வீடியோ கால்ல இருக்கேன்

சேகர் சித்தப்பா: எதுக்கும் ஒரு இன்னோவா சொல்லி வச்சிருக்கேன்

விக்கி: சித்தப்பாாா

அம்மா: பீரோல ஆர்சி இல்ல. இன்சூரன்ஸ் பேப்பர் மட்டும்தான் இருக்கு. யார்கிட்டயாவது இருக்கா?

தாம்பரம் சித்தி: கார் அலங்காரத்துக்கு மல்லி இருபது முழம் போதுமா, சாமந்தியும் சேக்கவா?