இஎஸ்பி32 அலாரம் கடிகாரம்: இருட்டிலும் டிஸ்பிளே மங்கவில்லை, அலாரம் தானாக ஸ்னூஸ் ஆகிறது

கேள்வி:
அம்மாவின் கட்டில் பக்கத்தில் வைக்க ஒரு கடிகாரம் செய்துகொண்டிருக்கிறேன். நடுராத்திரி விழித்தால் மணி தெரிய வேண்டும், வெளிச்சம் கண்ணைக் குத்தக் கூடாது. மாத்திரை நேரத்துக்கான அலாரம் அடித்தால் கையை அசைத்தாலே பத்து நிமிடம் அடங்க வேண்டும் (ஸ்னூஸ்). மூட்டு வலியால் சின்ன பட்டனை அழுத்த அவருக்குச் சிரமம்.

போர்டு இஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு). நேரத்துக்கு டிஎஸ்3231, எண்களுக்கு மேக்ஸ்7219 டாட் மேட்ரிக்ஸ், பாட்டுக்கு டிஎஃப்பிளேயர் மினி. வெளிச்சம் பார்க்க எல்டிஆரும் (வெளிச்சத்துக்கு ஏற்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் சென்சார்) 10கே ரெசிஸ்டரும். கை அசைவுக்கு ஹெச்சி-எஸ்ஆர்501 பிஐஆர் (உடல் சூட்டின் அசைவை உணரும் சென்சார்). எல்லாம் ஒரே 5 வோல்ட் சார்ஜரில் ஓடுகிறது.

முதல் சிக்கல்: லைட்டை அணைத்தாலும் டிஸ்பிளே மங்குவதில்லை. மேலே ஒரு துண்டைப் போட்டு எடுத்தால் மங்கி, அப்படியே இருக்கிறது. யாராவது லைட்டைப் போட்டு அணைத்தால் மறுபடி முழுப் பிரகாசம்தான். இரண்டாவது: பாட்டு ஆரம்பித்த மறுநொடியே ஸ்னூஸ் ஆகிவிடுகிறது, அறையில் ஆளே இல்லாதபோதும். கோடில் எங்கே பார்க்க வேண்டும்?

பதில்:
எல்டிஆர் எந்தப் பின்னில் இருக்கிறது? வைஃபை ஓடும்போது இஎஸ்பி32-இன் ஏடிசி2 பின்களில் (ஏடிசி என்பது வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி, இதில் இரண்டு உண்டு) அனலாக் ரீட் சரியாக வராது. 25, 26, 27 என்றால் மாற்றுங்கள். அப்புறம், எல்டிஆரைப் பெட்டியில் எங்கே பொருத்தியிருக்கிறீர்கள்?

கேட்டவர்:
பின் 34, அது ஏடிசி1தான் அண்ணா. எல்டிஆர் முன்பக்கம், டிஸ்பிளேவுக்கு ஒரு விரல் தள்ளி. ரீடிங்கைச் சராசரி எடுத்தால் சரியாகுமா?

பதில்:
சராசரி எடுப்பது டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்குவதால் வரும் ஆட்டத்துக்கு நல்லது. இங்கே உதவாது. நீங்கள் சொன்ன துண்டு சமாச்சாரத்திலேயே விடை இருக்கிறது. எல்டிஆர் அறையைப் பார்க்கவில்லை, டிஸ்பிளேயைப் பார்க்கிறது. டிஸ்பிளே பிரகாசமாக இருப்பதால் அறை வெளிச்சம் என்று நினைக்கிறது. அப்படி நினைப்பதால் டிஸ்பிளேயைப் பிரகாசமாகவே வைத்திருக்கிறது. துண்டு போட்டதும் அந்தச் சுற்று அறுந்துபோகிறது.

டிஸ்பிளேயை ஒரு நொடி அணைத்துவிட்டு அளக்கலாம் என்று தோன்றும். எல்டிஆர் இருட்டுக்குப் பழகப் பல மில்லிநொடி எடுக்கும், அதற்குள் மினுக்கல் கண்ணுக்குத் தெரிந்துவிடும். படுக்கை பக்கத்தில் அது வேண்டாம். எல்டிஆரைப் பெட்டியின் மேல்பக்கம், கூரையைப் பார்க்க வையுங்கள். சுற்றிலும் கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாயை மாட்டி, எல்டிஆரின் முகத்தை விட ஒரு சென்டிமீட்டர் நீட்டி விடுங்கள். பெட்டிக்குள்ளிருந்து கசியும் வெளிச்சத்தையும் அது தடுக்கும்.

10கே-யையும் மாற்றுங்கள். நல்ல இருட்டில் எல்டிஆரின் ரெசிஸ்டன்ஸ் ஒரு மெகா ஓமையே தாண்டும். அப்போது பின்னுக்கு வருவது 0.03 வோல்ட் அளவுதான். இஎஸ்பி32-இன் ஏடிசி ஏறத்தாழ 0.1 வோல்ட்டுக்குக் கீழே எல்லாவற்றையும் பூஜ்யம் என்றே படிக்கும். இரவு விளக்குக்கும் கும்மிருட்டுக்கும் வித்தியாசமே தெரியாது. 100கே போட்டால் அந்த மங்கலான பகுதி விரிந்து கிடைக்கும். பகல் வெளிச்சத்தில் ரீடிங் உச்சியில் முட்டும். அப்போது எப்படியும் முழுப் பிரகாசம்தானே வேண்டும்.

இன்னொருவர்:
ஸ்னூஸுக்கு ஒரு சோதனை: ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு அலாரத்தை ஓட விடுங்கள்.

கேட்டவர்:
கழற்றினால் ஸ்னூஸ் ஆகவில்லை!

இன்னொருவர்:
அப்படியானால் பவர்தான். பாட்டு தொடங்கும்போது டிஎஃப்பிளேயர் சட்டென்று கரண்டை இழுக்கிறது, 5 வோல்ட் ஒரு கணம் இறங்குகிறது, பிஐஆர் அதை அசைவு என்று எடுத்துக்கொள்கிறது. டிஎஃப்பிளேயரின் விசிசி-க்கும் (பவர் வரும் பின்) கிரவுண்டுக்கும் நடுவே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள். பிஐஆருக்குச் சார்ஜர் முனையிலிருந்தே தனி வயர் இழுங்கள்.

ஆனால் தம்பி, ஸ்னூஸுக்குப் பிஐஆரே வேண்டாம் என்பேன். ஏழு மீட்டர் வரை, நூறு டிகிரிக்கு மேல் அகலமாகப் பார்க்கும் சென்சார் அது. அம்மா புரண்டு படுத்தாலே அலாரம் அடங்கிவிடும், மாத்திரை நேரம் தவறிப்போகும். விஎல்53எல்0எக்ஸ் லேசர் சென்சார் போடுங்கள். அது தூரத்தையே மில்லிமீட்டரில் சொல்லும். 15 சென்டிமீட்டருக்குள் கை வந்து கால் நொடி நின்றால் மட்டும் ஸ்னூஸ். டிஎஸ்3231-இன் ஐ2சி வயரிலேயே (பல சிப்கள் முகவரி வைத்துப் பகிரும் இரட்டை வயர்) சேர்த்துக்கொள்ளலாம், முகவரி மோதாது. முன்னால் கண்ணாடி வைக்காதீர்கள், எதிரொளிப்பில் தூரம் தப்பாக வரும். கொசுவலை தொங்கினால் அதற்கு எட்டாத பக்கமாகத் திருப்பி வையுங்கள். பிஐஆரை வீணாக்க வேண்டாம்: ராத்திரி அவர் எழுந்து உட்கார்ந்தால் டிஸ்பிளே கொஞ்சம் கூடட்டும்.

பதில்:
டிஎஸ்3231 போர்டில் சிஆர்2032 காயின் பேட்டரி போட்டிருந்தால் ஒன்று கவனியுங்கள். விலை குறைந்த நீல போர்டுகளில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சர்க்யூட் இருக்கும். சிஆர்2032 சார்ஜ் ஏற்றும் வகை இல்லை. 5 வோல்ட்டை விட்டு 3.3 வோல்ட் கொடுங்கள், அந்தச் சார்ஜ் சர்க்யூட்டில் உள்ள டையோடையும் எடுத்துவிடுங்கள். தலைமாட்டில் இருக்கப்போகிற பொருள்.

கேட்டவர்:
எல்டிஆரை மேலே மாற்றிக் குழாய் போட்டதும் லைட்டை அணைத்த கையோடு மங்குகிறது. கெபாசிட்டர் வைத்த பிறகு பாட்டும் முழுதாக ஓடுகிறது. விஎல்53எல்0எக்ஸ் ஆர்டர் போட்டிருக்கிறேன். ஒன்றுதான் பாக்கி: பிரகாசத்தைக் கடைசி அளவான 0-இல் வைத்தும் கும்மிருட்டில் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது.

பதில்:
மேக்ஸ்7219-இல் 0 என்றாலும் அணைவதில்லை, 0 முதல் 15 வரையுள்ள படிகளில் அதுதான் கீழ்ப்படி. காருக்கு சன் ஃபிலிம் ஒட்டும் கடையில் வெட்டிப் போட்ட துண்டு கிடைக்கும். டிஸ்பிளே மேல் ஒட்டுங்கள், போதவில்லை என்றால் இரண்டாவது அடுக்கு. எல்டிஆர் குழாயை மட்டும் மூடிவிடாதீர்கள்.